மிஸ்டர் சர்பேசர் 500: வார்ப்புத் தோலைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவர

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், மூலையில் ஒரு பழைய ரோலர் நிற்கிறது. வாடிய கொழுந்தை உருட்டிப் பிழிகிற மெஷின். அதன் மூன்று கால்களும் வார்ப்பிரும்பு. எத்தனை முறை பச்சைப் பெயின்ட் அடித்திருப்பார்களோ தெரியாது, நானே நாலு தரம் அடித்திருக்கிறேன். அத்தனை பெயின்டுக்கு அடியிலும் அந்த இரும்பின் தோல் இன்னும் கைக்குப் படும். வெலிமடைப் பேரிக்காயைத் தடவுகிற மாதிரி ஒரு சொரசொரப்பு. தூரத்தில் நின்று பார்த்தால் வழவழப்பாகத்தான் தெரியும். இரவு வேலையில் பக்கத்துச் சுவரில் இருக்கிற பல்ப் வெளிச்சம் சாய்ந்து விழும்போது மட்டும் மேடும் பள்ளமும் எழும்பி நிற்கும்.

நான் அங்கே மெஷின்களைப் பூட்டிப் பழுதுபார்க்கிற பிட்டராக வேலை செய்கிறேன், பதினெட்டு வருடமாயிற்று. வீட்டில் இரவு நேரத்தில் 1/35 அளவில் டாங்கி மாடல்கள் கட்டுகிறேன். இந்த இரண்டையும் சேர்த்து வைத்தது மிஸ்டர் சர்பேசர் 500 என்ற ஒரு சின்னப் போத்தல், மாடலில் பெயின்டுக்கு முன்னால் பூசுகிற தடித்த அடிப்பூச்சு. இரண்டு வருடமாகப் பாவிக்கிறேன். ஹட்டன் பக்கத்துக் குளிரிலும் மூடுபனியிலும் அது எப்படி நடந்துகொள்கிறது என்று யாரும் எழுதி நான் படிக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

முதலில் எதற்காக இது தேவை என்று சொல்லவேண்டும். இரண்டாம் உலக யுத்தத்து அமெரிக்க ஷெர்மன் டாங்கியின் டரட், அதாவது மேலே சுழலும் பாகம், வார்ப்பு உருக்கு. மணலில் அச்சு எடுத்து, உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியபிறகு அச்சை உடைத்து எடுத்தது. மணலின் பருக்கை உலோகத்தில் பதிந்துவிடும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு வரும், அதை அரைத்து எடுத்த தடம் இருக்கும். உலோகம் வேறாக இருந்தாலும் எங்கள் ரோலர் கால் செய்த வித்தையும் இதேதான். ஆனால் பெட்டிக்குள் வருகிற பிளாஸ்டிக் டரட்டோ சவர்க்காரக் கட்டி மாதிரி வழுக்கும். எவ்வளவு நல்ல ஒலிவ் பச்சை அடித்தாலும் அது இரும்பாகத் தெரியாது. சில கம்பனிகளின் புதிய கிட்களில் இந்தச் சொரசொரப்பை அச்சிலேயே வைத்து அனுப்புகிறார்கள். என் கையில் இருந்தது பழைய பெட்டி, அதில் ஒன்றும் இல்லை.

ஏன் ஷெர்மன் என்று தங்கச்சியின் மகன் கேட்டான். 1944இல் நேச நாடுகளின் தளபதி மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்து, பேராதனைப் பூங்காவில் வைத்துத்தான் பர்மா யுத்தத்தை நடத்தினார். நாங்கள் பள்ளிக்கூடச் சுற்றுலா போய்ச் சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்த அதே புல்தரை. அங்கே போட்ட திட்டத்தின்படி பர்மாவில் ஓடிய டாங்கிகளில் ஷெர்மனும் ஒன்று. 1945 மார்ச்சில் பர்மாவின் மெய்க்திலா நகரைப் பிடித்தபோது முன்னால் போன 255ஆவது இந்திய டாங்கிப் படையணியிடம் இருந்தது ஷெர்மன்தான். எங்கள் மலைநாட்டோடு ஒரு நூல் தொடர்பு அதற்கு உண்டு. அதனால்தான் அதைக் கட்டுகிறேன் என்றேன்.

சரி, போத்தலுக்கு வருகிறேன். ஜப்பானின் ஜிஎஸ்ஐ கிரியோஸ் செய்வது. 40 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்தல். உள்ளே சாம்பல் நிறக் குழம்பு. புட்டியையும் பிரைமரையும் கலந்து கரைத்து வைத்த மாதிரி. 500, 1000, 1200 என்று எண் போட்டு வருகிறது. சாண்ட் பேப்பர் எண் மாதிரிதான், எண் கூடக் கூட நைசு. 500தான் தடிப்பானது, நமக்கு வேண்டியதும் அதுதான். உண்மையில் இது கீறல், ஊசித்துளை, பொருத்து இடைவெளி நிரப்பவென்று செய்த சாமான். வார்ப்புத் தோலுக்குப் பாவிப்பது மாடல் கட்டுகிறவர்கள் கண்டுபிடித்த வழி. லாக்கர் வகை என்பதால் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கடித்துப் பிடிக்கும். காய்ந்தபிறகு நகத்தால் சுரண்டினாலும் உரியாது.

நான் செய்கிற விதம் இது. போத்தலை நன்றாகக் கலக்கவேண்டும். அடியில் கட்டியாகத் தங்கும், குலுக்கினால் மட்டும் போதாது, குச்சி விட்டுக் கிண்டவேண்டும். பிறகு ஒரு சோடா மூடியில் அரைத் தேக்கரண்டி அளவு ஊற்றி ஐந்து நிமிடம் சும்மா விடுவேன். கொஞ்சம் இறுகி, பாகு பதத்துக்கு வரும். அதற்குள் பிரஷ் தயாராகவேண்டும். பழைய பன்றிமயிர் பிரஷ் ஒன்றை, மயிர் ஒரு சென்றிமீற்றர் மட்டும் நிற்கிற மாதிரி நேராக வெட்டி வைத்திருக்கிறேன். நல்ல பிரஷ்ஷை இதற்குக் கொடுக்காதீர்கள், அதோடு அது முடிந்துவிடும்.

அப்புறம் டரட்டில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடத்தில் மட்டும் தடவி, பிரஷ்ஷை நேராகப் பிடித்துக் குத்தவேண்டும். இழுக்கக் கூடாது. இழுத்தால் பிரஷ் தடம் கோடு கோடாக விழும், இரும்பு மாதிரி இல்லாமல் சுவருக்குப் பூசின சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். குத்தக் குத்த டக் டக் என்று ஒட்டி ஒட்டி எழும் ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் பதம் சரி. சத்தம் இல்லாமல் ஈரமாகப் போனால் இன்னும் தண்ணியாக இருக்கிறது, மேடுகள் படுத்துவிடும். நூல் நூலாக இழுபட்டால் இறுகிவிட்டது, ஒரு சொட்டுத் தின்னர் விடவேண்டும். இப்படித் துண்டு துண்டாகச் சுற்றி வந்தால் ஒரு டரட்டுக்கு அரை மணித்தியாலம் போதும்.

அடுத்த நாள் 600 சாண்ட் பேப்பரால் மேலாக ஒரு தடவல். அழுத்தக் கூடாது. மேட்டின் நுனி மட்டும் மழுங்கவேண்டும். இந்தக் கடைசித் தடவல்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. அதுவரை சாந்து பூசின மாதிரி இருந்த டரட், நுனி மழுங்கியதும் திடீரென்று கனமாகிவிடும். கையில் எடுத்தால் எடை ஒன்றுதான், கண்ணுக்குத்தான் கனம். முதல் முறை இது நடந்தபோது விளக்கை அணைத்துவிட்டு டோர்ச்சை மேசை மட்டத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். எங்கள் ரோலரின் கால் அப்படியே உள்ளங்கையில் இருந்தது.

எவ்வளவு போடவேண்டும் என்பதில்தான் எனக்குப் பலரோடு கருத்து வேறுபாடு. படங்களில் நான் பார்க்கிற பல மாடல்களில் டரட் பலாப்பழத் தோல் மாதிரி இருக்கிறது. பிட்டர் என்ற முறையில் என்னால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் தலைமுடி ஒன்றின் தடிப்பு கிட்டத்தட்ட 0.07 மில்லிமீற்றர். மாடலில் அந்த உயரத்துக்கு ஒரு மேடு வைத்தால், 35ஆல் பெருக்க, உண்மையான டாங்கியில் அது இரண்டரை மில்லிமீற்றர். ரோலர் காலில் நான் அளவுகோலும், இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான பீலர் கேஜும் வைத்துப் பார்த்தேன். பெரும்பாலான மேடுகள் அரை மில்லிமீற்றரைத் தாண்டவில்லை. அதை 35ஆல் வகுத்தால் 0.014. கண்ணுக்கே தெரியாத அளவு. அப்படியென்றால் கணக்குப்படி வார்ப்புத் தோலே போடத் தேவையில்லை என்று ஆகும். ஆனால் ஒன்றும் போடாத டரட் இரும்பாகத் தெரிவதில்லை, அதுவும் உண்மை. அதனால் நான் வைத்திருக்கிற அளவு இதுதான்: நேர் வெளிச்சத்தில் தெரியக் கூடாது, சாய்ந்த வெளிச்சத்தில் தெரியவேண்டும். விரல் நுனிக்குப் படவேண்டும், நகம் மாட்டக் கூடாது. 500ஐ ஒரே பூச்சில் குத்தி 600ஆல் தடவினால் அந்த இடத்தில்தான் போய் நிற்கிறது. அதனால்தான் இந்தப் போத்தலை இவ்வளவு விரும்புகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். மேலே வருகிற பிரைமர், பச்சை, வார்னிஷ் எல்லாம் பள்ளத்தை நிரப்பிக்கொண்டே போகும். ஆகவே சாம்பல் நிறத்தில் பார்க்கும்போது மனதுக்குத் தோன்றுவதைவிட ஒரு பிடி கூடுதலாக இருக்கட்டும். ஏர்பிரஷ் இருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. என்னைப் போல் கையால் பிரஷ் பிடித்து அடிப்பவர்களுக்கு இது முக்கியம்.

எங்கே போடவேண்டும் என்பதும் அதே அளவு முக்கியம். நான் கட்டிய ஷெர்மனில் டரட், துப்பாக்கிக் குழாயின் அடிக்கவசம், முன்னால் கீழே உருண்டு நிற்கிற கியர்பெட்டி மூடி, சில்லுகளைத் தாங்குகிற அடைப்புகள் எல்லாம் வார்ப்பு. பக்கச் சுவரும் முன் சரிவுத் தகடும் உருளையில் உருட்டி எடுத்த தகடு, பற்றவைத்தது. அதில் இந்தச் சாமானைத் தொடவே கூடாது. ஷெர்மனில் எம்4ஏ1 என்ற வகைக்கு மட்டும் மேலுடல் முழுவதும் வார்ப்பு, அதன் மூலைகளே உருண்டு போயிருக்கும். தகடு தகடாகவும் வார்ப்பு வார்ப்பாகவும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால் மாடலுக்கு உயிர் வருகிறது. எங்கள் ஸ்டோரில் தேயிலை காயவைக்கிற டிரையரின் தகட்டுச் சுவரையும் ரோலர் காலையும் ஒரே பெயின்டால் அடித்தாலும் இரண்டும் வேறு வேறாகத் தெரிகின்றன அல்லவா, அதே மாதிரி.

இனி நம் ஊர்ப் பிரச்சினை. முதல் போத்தல் வந்தது ஆனி மாதம். வெளியே மூடுபனி கதவுவரை வந்து நின்றது, கொடியில் போட்ட துணி மூன்று நாளாகியும் காயவில்லை. அந்தக் காலநிலையில் ஹார்ட்வெயார் கடையில் வாங்கிய என்சி தின்னரை, அதாவது சாதாரண லாக்கர் தின்னரை, கலந்து குத்தினேன். பத்து நிமிடத்தில் டரட் முழுவதும் வெள்ளை பூத்தது, பாசி பிடித்த சுவரில் சுண்ணாம்பு தூவின மாதிரி. காரணம் இதுதான். லாக்கர் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர்வித்துவிடும். ஈரக்காற்றில் இருக்கிற நீராவி அந்தக் குளிர்ச்சியில் படிந்து பூச்சுக்குள் அகப்பட்டுக்கொள்ளும். அது மட்டுமில்லை, அந்தத் தின்னர் கார் பெயின்டுக்கான சாமான், பிளாஸ்டிக்குக்கு மிகக் காரம். டரட்டின் பின்பக்கத்தில் ஒரு மூலை உருகி விளிம்பு மழுங்கிவிட்டது. அந்த மூலையைப் பிறகு புட்டி வைத்து மறுபடி கட்டவேண்டி வந்தது.

வெள்ளை பூத்ததை மட்டும் சரிசெய்யலாம். மிஸ்டர் சர்பேசருக்கு இருக்கிற பெரிய நல்ல குணமே இதுதான், காய்ந்த பிறகும் அது மறுபடி கரையும். அதே கம்பனியின் லெவலிங் தின்னரில் பஞ்சுக் குச்சியை நனைத்து, பிழிந்துவிட்டு, மேலாகத் தட்டினால் ஈரம் வெளியேறி சாம்பல் நிறம் திரும்பும். அந்தத் தின்னரில் உலர்வதைத் தாமதப்படுத்துகிற சாமான் இருப்பதால் பனி நாளிலும் வெள்ளை பூப்பது குறைகிறது. சொரசொரப்புப் பிடிக்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் துடைத்து முழுவதையும் எடுத்துவிட்டுத் திரும்பப் போடலாம். நனைத்து ஊறவிடக் கூடாது, அவ்வளவுதான். ஆகவே போத்தல் வாங்குகிறவர்கள் லெவலிங் தின்னரையும் சேர்த்தே வாங்குங்கள். மலைநாட்டில் இரண்டும் ஒரே சாமான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். விலையைக் கேட்டால் மனது கஷ்டப்படும், எங்கள் வீட்டுக்கு ஒரு கிழமை மரக்கறி வாங்குகிற காசு. ஆனால் அந்த ஒரு போத்தல் சர்பேசரில் இதுவரை ஒன்பது டரட் முடித்துவிட்டேன், இன்னும் கால்வாசி இருக்கிறது.

ஸ்டோரில் டிரையர் பக்கம் எப்போதும் வெதுவெதுப்பு, அங்கே கொண்டுபோய்க் காயவைக்கலாமே என்று யாராவது நினைக்கலாம். கூடவே கூடாது. தேயிலை எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும். லாக்கர் வாசனை பட்டால் ஒரு நாள் உற்பத்தியே கெட்டுப்போகும். போத்தலை நான் ஸ்டோர் படலைக்குள்ளேயே கொண்டுபோவதில்லை. அதற்குப் பதிலாக வீட்டில் ஒரு தேயிலைப் பெட்டிக்குள் பழைய 40 வாட் பல்ப் ஒன்றை மாட்டியிருக்கிறேன். பல்ப்பிலிருந்து ஓரடி தள்ளி ஒரு கம்பித் தட்டு, மேலே காற்றுப் போக ஓட்டைகள். குத்தி முடித்த டரட்டை வெளியே ஒரு மணித்தியாலம் வைத்து, ஈரவாசனை போனபிறகுதான் உள்ளே வைப்பேன். ஆவி பறக்கிற ஈரப் பூச்சைப் பல்ப்புக்குப் பக்கத்தில் வைத்தால் நெருப்புப் பிடிக்கும் ஆபத்து இருக்கிறது. பெட்டியில் ஒரு இரவு இருந்தால், மழை மாதத்திலும் காலையில் சாண்ட் பேப்பர் பிடிக்கும். பெட்டி இல்லாத நாட்களில் மூன்று நாள் காத்திருந்திருக்கிறேன், அப்படியும் பேப்பரில் அப்பிக்கொண்டது.

வாசனை கடுமை. அதில் சமாதானம் சொல்ல ஒன்றும் இல்லை. லயத்துக் காம்பிராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், சின்னப் பிள்ளைகள் படுத்திருக்கிற இடத்தில் இதைத் திறக்காதீர்கள். நான் இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், உட்கார்ந்து, முகக்கவசம் போட்டுத்தான் செய்கிறேன்.

இதற்குப் பதிலாக வேறு என்ன பாவிக்கலாம் என்று பார்த்தேன். தமியா என்ற ஜப்பான் மாடல் கம்பனியின் எக்ஸ்ட்ரா தின் சீமெந்து, பச்சை மூடிப் போத்தல். அது பசைதான். அதைப் பிளாஸ்டிக்கில் தடவி மேல்தோல் இளகியதும் அதே மொட்டைப் பிரஷ்ஷால் குத்தினால் பிளாஸ்டிக்கே சொரசொரக்கும். மேலே எதுவும் கூடுவதில்லை என்பது அதன் அழகு. சில்லு அடைப்பு மாதிரிச் சின்னப் பாகங்களுக்கு நான் இதைத்தான் பாவிக்கிறேன், அங்கே 500 போட்டால் ஆணித்தலை எல்லாம் மூடிப்போகும். ஆனால் தவறினால் திரும்பிப் போக வழி இல்லை. தமியாவின் சாம்பல் புட்டியை அதே பசையில் கரைத்துப் பூசுகிற முறையும் இருக்கிறது. அது இன்னும் முரட்டுத் தோல்.

அந்த முரட்டுத் தோல் எங்கே பொருந்தும் என்று மருமகன் மூலம் தெரிந்தது. அவன் டி-34/85 என்ற ரஷ்ய டாங்கியைக் கட்டிக்கொண்டிருந்தான். ஷெர்மனுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே நைசாகக் குத்தி, நுனி மழுக்கிக் கொண்டுவந்து காட்டினான்.

“மாமா, சரியா இருக்கா?”

“வேலை சுத்தம். ஆனா இது ரஷ்யாக்காரனுக்குப் பத்தாது.”

ரஷ்ய டரட்கள் யுத்த அவசரத்தில் ஊற்றியவை. அச்சுச் சேர்ந்த கோடு பக்கவாட்டில் தழும்பு மாதிரி ஓடும், அதைச் சீராக அரைத்து மறைக்க அவர்கள் நேரம் செலவழிக்கவில்லை. போத்தலை அரை மணித்தியாலம் திறந்துவைத்து 500ஐ நன்றாக இறுகவிட்டு, இரண்டு பூச்சுக் குத்தச் சொன்னேன். கோட்டுக்கு மெல்லிய பிளாஸ்டிக் இழை ஒன்றை ஒட்டி, அதன் மேல் கத்தி முனையால் அங்கங்கே வெட்டினோம். சாண்ட் பேப்பர் போடவேயில்லை. அவனுடைய டி-34ஐயும் என் ஷெர்மனையும் பக்கத்தில் வைத்தபோது இரண்டு நாட்டுப் பட்டறையும் வேறு வேறு என்று பெயின்ட் அடிக்காமலே தெரிந்தது. தேயிலைத் தூளைப் பசையில் குழைத்துப் பூசினால் என்ன என்றும் கேட்டான். டரட்டுக்கு வேண்டாம் என்றேன், மேடு பெரிதாகப் போகும், ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். டாங்கிக்குக் கீழே காட்டுத் தரையில் உதிர்ந்த இலைக்கு அதைவிட நல்ல சாமான் இல்லை. மேலே வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து ஒரு பூச்சு விட்டுவிட்டால் போதும்.

போத்தலின் குறை என்று பார்த்தால் இரண்டு. ஒன்று மூடி. கழுத்தில் ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலும் மூடி சரியாக இறுகாது, இரண்டு மாதத்தில் உள்ளே இருப்பது கட்டியாகிவிடும். ஒவ்வொரு முறையும் கழுத்தைத் தின்னர் துணியால் துடைத்துவிட்டுத்தான் மூடவேண்டும். இரண்டு, நம் பக்கத்துக் கடைகளில் கிடைப்பதில்லை, கொழும்பிலிருந்துதான் எடுக்கவேண்டும். இரண்டாவது போத்தலை ஒரு கடையில் பார்சலில் எடுத்தேன். திறந்தால் பாதி இறுகிப் போன பழைய இருப்பு. படம் எடுத்து அனுப்பியும் பதில் வரவில்லை. லெவலிங் தின்னர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இரண்டு நாள் கிண்டி அதைப் பாவிக்கிற நிலைக்குக் கொண்டுவந்தேன், ஆனால் முதல் போத்தலின் பதம் அதற்கு வரவில்லை. கடையில் நேரில் வாங்க முடிந்தால் போத்தலைச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே இருப்பது மெதுவாகவாவது நகரவேண்டும், நகராவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

இப்போது நான் வருடத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். மழை மாதங்களில் வெட்டி ஒட்டுகிற வேலை, சில்லு, சங்கிலி. தை பிறந்து பனி விலகி வெயில் எறிக்கத் தொடங்கினால் சர்பேசர் போத்தல் வெளியே வரும். தை, மாசி இரண்டு மாதமும் பெட்டியும் பல்ப்பும் இல்லாமலே இஸ்தோப்பு வெயிலில் ஒரு மணித்தியாலத்தில் தொடக்கூடிய பதத்துக்குக் காய்ந்துவிடுகிறது. இந்த முறைக்கு எம்4ஏ1 ஒன்று ஒட்டி முடித்துக் காத்திருக்கிறது. டரட்டோடு மேலுடலும் முழுக்க வார்ப்பு. மிச்சமிருக்கிற கால் போத்தல் அதற்குக் காணுமா என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.